கேமிலும் வீடியோவிலும் மட்டும் கம்ப்யூட்டர் ஹேங் ஆவது ஏன்?

வேர்டில் மணிக்கணக்காகத் தட்டச்சு செய்தாலும் ஒன்றும் ஆவதில்லை. மெயில், எக்செல், பில் கட்டுவது எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. கேமைத் திறந்து இருபது நிமிடம் ஆனதும், அல்லது யூடியூபில் நாலாவது வீடியோவின் நடுவில், படம் அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸ் நகர்வதில்லை. ஸ்பீக்கரில் ‘டர்ர்ர்’ என்று ஒரே சத்தம். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை.

இந்தப் புகாரோடு கடைக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில், ‘ஃபார்மட் போட்டுடலாம் சார்.’ விண்டோஸைப் புதிதாக ஏற்றினால் டிரைவர் (ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) கோளாறுகளில் ஒரு பகுதி சரியாகும், உண்மைதான். ஆனால் சூடு, மின்சாரம், ரேம், டிஸ்க் ஆகிய நான்கையும் ஃபார்மட் தொடுவதே இல்லை. அதனால்தான் பலருக்கு இரண்டு நாள் நன்றாக ஓடிவிட்டு மூன்றாம் நாள் பழைய கதையே திரும்புகிறது. எதையும் மாற்றுவதற்கு முன்பு, கணினி எப்படி நிற்கிறது என்று கவனித்தாலே சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

‘ஹேங்’ என்று நாம் சொல்வது ஐந்து விஷயங்கள்

ஒரே சொல்லில் அடக்கினாலும் இவை வெவ்வேறு கோளாறுகள்.

1. ஒரு புரோகிராம் மட்டும் நிற்பது. ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வரும், டாஸ்க் மேனேஜர் திறக்கும், மற்றவை ஓடும். அந்தக் கேமிலோ பிரவுசரிலோதான் பிரச்சினை.

2. விக்கல். அரை நொடியோ சில நொடிகளோ நின்று, தானாகவே தொடர்வது. டிஸ்க், ரேம் பற்றாக்குறை, சூட்டினால் வேகம் குறைவது ஆகியவை இங்கே முதல் சந்தேகங்கள்.

3. திரை கறுத்து, ஓரிரு நொடியில் மீண்டும் வருவது. கிராபிக்ஸ் டிரைவர் விழுந்து எழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

4. முழு உறைவு. படம், மவுஸ், கீபோர்டு எல்லாம் நின்றுவிடும். இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

5. தானாக அணைவது, ரீஸ்டார்ட் ஆவது, நீலத்திரை வருவது. கறாராகச் சொன்னால் இது ஹேங்கே அல்ல. ஆனாலும் கடையில் இதையும் அப்படித்தான் சொல்கிறோம். அங்கேயே திசை மாறிவிடுகிறது.

கேமுக்கும் வீடியோவுக்கும் பொதுவானது எது?

கிராபிக்ஸ் சிப், அதாவது ஜிபியு. தனி கார்டாக இருக்கலாம், கணினியின் மூளையான சிபியுவுக்குள்ளேயே இருப்பதாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு வேலைக்கும் அந்தச் சிப்பின் ஒரே பகுதி பயன்படுவதில்லை. இந்த வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. இதுதான் நல்ல துப்பு.

கேம் ஓடும்போது, காட்சியை வரையும் ஆயிரக்கணக்கான சிறு கணக்கிடும் அலகுகள் முழு வேகத்தில் உழைக்கின்றன. அதோடு சிபியு, ரேம், டிஸ்க், எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) எல்லாமே சேர்ந்து சுமை தாங்குகின்றன. வீடியோ அப்படியல்ல. சுருக்கப்பட்ட வீடியோவை விரிப்பதற்கென்றே ஜிபியுவுக்குள் தனியாக ஒரு சிறு பகுதி உண்டு. அதை டிகோடர் என்பார்கள். அது குறைந்த மின்சாரத்தில் ஓடும். சூடும் பெரிதாக ஏறாது.

எனவே மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்கலாம்.

1. கேமில் மட்டும் நிற்கிறது, வீடியோ எத்தனை மணி நேரம் ஓடினாலும் ஒன்றுமில்லை: சூடு, மின்சாரம் ஆகிய இரண்டும் முன்னுக்கு வருகின்றன.

2. வீடியோவில் மட்டும் நிற்கிறது, கேம் நன்றாக ஓடுகிறது: டிகோடர், கிராபிக்ஸ் டிரைவர், பிரவுசர். வன்பொருள் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. பிரவுசர் செட்டிங்ஸில் ‘கிராபிக்ஸ் ஆக்ஸிலரேஷன்’ என்பதை அணைத்துவிட்டு அதே வீடியோவை ஓட்டிப் பாருங்கள். இப்போது நிற்கவில்லையென்றால் சந்தேகம் உறுதி. ஆனால் அது சோதனைதான், தீர்வல்ல. அணைத்தபடியே விட்டுவிட்டால் ஜிபியு செய்ய வேண்டிய வேலையை சிபியு சுமக்கும், ஃபேன் அலறும்.

3. இரண்டிலும் நிற்கிறது: டிரைவர், ரேம், எஸ்எம்பிஎஸ், கார்டு என்று எதுவும் இருக்கலாம். வரிசையாகத்தான் போக வேண்டும்.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. யூடியூப் இப்போது பல வீடியோக்களை ஏவி1 என்ற புதிய சுருக்கமுறையில் அனுப்புகிறது. என்விடியாவில் 2020-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்தும், இன்டெலில் 11-ம் தலைமுறையிலிருந்தும்தான் இதை விரிக்கும் டிகோடர் உண்டு. அதற்கு முந்தையவற்றில் சிபியுவே விரிக்க வேண்டும். 4கே வீடியோ திக்கித் திணறி ஓடுவதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம். அங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை. 1080-க்கு இறக்கினால் போதும்.

அந்த ‘டர்ர்ர்’ சத்தம் சொல்வது என்ன?

கணினி உறையும்போது வரும் அந்த எரிச்சலூட்டும் சத்தம் உண்மையில் ஒரு வாக்குமூலம்.

ஒலி இப்படித்தான் வெளியே வருகிறது. சிபியு அடுத்துவரும் சில மில்லிநொடிகளுக்கான ஒலியை ரேமில் ஒரு சிறு இடத்தில் எழுதி வைக்கிறது. ஒலிச் சிப் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் படித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. கடைசிக்குப் போனதும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். செக்குமாடு மாதிரி. அது ஒரு சுற்று முடிப்பதற்குள் சிபியு புதிய ஒலியை எழுதிவிடும் என்பது ஏற்பாடு. படிப்பதற்கு சிபியுவின் உதவி தேவையில்லை. ஒலிச் சிப் நேரடியாகவே ரேமைத் தொடும்.

சிபியு திடீரென நின்றுவிட்டால்? எழுதுபவர் இல்லை, படிப்பவர் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறார். கடைசியாக எழுதப்பட்ட அந்தத் துணுக்கு ஒலி நொடிக்குப் பல முறை திரும்பத் திரும்ப வருகிறது. அதுதான் ‘டர்ர்ர்’.

இதிலிருந்து படிக்கக்கூடியவை:

1. சத்தம் சுழல்கிறது என்றால் மின்சாரம் வந்துகொண்டிருக்கிறது, ஒலிச் சிப் ஓடுகிறது, நின்றது சிபியுவோ அதன்மேல் ஓடும் விண்டோஸின் அடித்தளமோதான்.

2. படம் நின்றும் பாட்டோ வசனமோ இயல்பாகத் தொடர்கிறது என்றால் சிபியு உயிரோடு இருக்கிறது. விழுந்தது கிராபிக்ஸ் பக்கம்.

3. சத்தமும் படமும் ஒரே கணத்தில் அற்றுப்போய், திரையில் ‘நோ சிக்னல்’ வந்து, ஃபேன் மட்டும் சுற்றினால் கார்டு அல்லது எஸ்எம்பிஎஸ் பக்கம் பாருங்கள்.

நின்ற அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியவை

பவர் பட்டனுக்குப் போகும் கையைப் பத்து நொடி நிறுத்துங்கள்.

முதலில் கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். கீபோர்டில் உள்ள அந்தச் சிறு விளக்கை ஏற்றி அணைப்பது கீபோர்டு அல்ல, விண்டோஸ்தான். விளக்கு மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது; மாறவில்லையென்றால் அடித்தளமே நின்றுவிட்டது. (விளக்கே இல்லாத வயர்லெஸ் கீபோர்டில் இது பயன்படாது.)

விளக்கு மாறுகிறது, திரை மட்டும் நிற்கிறது என்றால் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவரை மறுபடி தொடங்கச் சொல்லும் கட்டளை இது. திரை ஒருமுறை சிமிட்டிவிட்டுப் படம் திரும்பினால் குற்றம் கிராபிக்ஸ் பக்கம் என்பது கிட்டத்தட்ட நிரூபணம்.

மவுஸ் அம்பு நகர்கிறது, ஆனால் எதைச் சொடுக்கினாலும் திறக்கவில்லை, கேபினெட்டில் டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறது என்றால் அது டிஸ்க். அம்பை நகர்த்தத் தேவையானது எல்லாம் ஏற்கெனவே ரேமில் இருக்கிறது. புதிதாக ஒன்றைத் திறக்கத்தான் டிஸ்க் வேண்டும். அது பதில் சொல்லாததால் எல்லாமே வரிசையில் காத்து நிற்கின்றன.

விண்டோஸ் கொடுக்கும் இரண்டு நொடிக் கெடு

2007-ல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஓர் ஏற்பாடு உண்டு. ஜிபியுவுக்குக் கொடுத்த வேலை இரண்டு நொடிக்குள் முடியவில்லை, அது இடைநிறுத்தத்துக்கும் இசையவில்லை என்றால், விண்டோஸ் காத்திருக்காது. டிரைவரைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கும். திரை கறுத்து மீள்வது இதனால்தான். கேம் பெரும்பாலும் இதைத் தாங்காமல் மூடிக்கொள்ளும். ஒரு நிமிடத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் இது நடந்தாலோ, டிரைவரை எழுப்பவே முடியாமல் போனாலோ நீலத்திரை.

இந்த மீட்பு நடந்ததற்கான பதிவு, விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில், ‘சிஸ்டம்’ பட்டியலில், 4101 என்ற எண்ணோடு இருக்கும். அதே பட்டியலில் பார்க்க வேண்டிய மற்றவை: ‘வீயா லாக்கர்’ (WHEA-Logger) என்ற பெயரில் வரும் பதிவுகள் (சிபியு, ரேம், கார்டு இணைப்பு போன்ற வன்பொருள் பிழைகள்), ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7 அல்லது 153, டிஸ்க் கன்ட்ரோலர் பெயரில் 129.

இன்னொன்று எல்லோர் கண்ணிலும் சிவப்பாகப் படும்: ‘கர்னல் பவர் 41’. இதைப் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ் மாற்றியவர்கள் ஏராளம். 41 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: போன முறை கணினி முறையாக அணைக்கப்படவில்லை. நீங்கள் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தாலும் அதுதான் வரும், கரண்ட் போனாலும் அதுதான் வரும். அது காரணமல்ல, விளைவின் பதிவு. முழு உறைவில் இந்த 41-ஐத் தவிர எதுவுமே பதிவாகாமலும் போகலாம். அதுவும் ஒரு தடயமே: எழுதும் அளவுக்குக்கூட சிபியுவுக்கு நேரம் கிடைக்கவில்லை, அல்லது எழுத வேண்டிய டிஸ்கே காணாமல் போய்விட்டது.

டிரைவரைப் பொறுத்தவரை ‘புதியதே நல்லது’ என்பது எப்போதும் சரியல்ல. 2010 மார்ச்சில் என்விடியா தான் வெளியிட்ட 196.75 என்ற டிரைவரைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. சில கார்டுகளில் ஃபேன் வேகத்தை அது சரியாகக் கட்டுப்படுத்தவில்லை. அப்டேட் செய்த வாரத்தில் ஹேங் தொடங்கியிருந்தால் பழைய பதிப்புக்குத் திரும்புங்கள். நீண்ட நாள் அப்டேட்டே செய்யாமல் இருந்தால் புதியதைப் போடுங்கள். எதுவானாலும் முந்தையதைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் போட வேண்டும். அதற்கென்றே ‘டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

சூடு: பாதி உண்மை

‘சூடானால் ஹேங் ஆகும்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். இன்றைய சிப்புகள் அவ்வளவு முட்டாள்கள் அல்ல. இன்டெல் டெஸ்க்டாப் சிபியுக்களில் பெரும்பாலானவற்றுக்கு எல்லை 100 டிகிரி. ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. எல்லையைத் தொட்டதும் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறிச் சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தமாக அணைந்துவிடும். ஆகவே சிபியு சூட்டின் வழக்கமான அடையாளம் விக்கலும் திடீர் அணைப்பும்தான். முழு உறைவு அல்ல. ரைசன் 7000 வைத்திருப்பவர்கள் கேமில் 95 டிகிரியைப் பார்த்து அலற வேண்டியதில்லை. அந்த அளவில் ஓடும்படிதான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

சூட்டினால் உறைவது எங்கே என்றால், வெப்பமானி கண்ணில் படாத இடங்களில். சிபியுவைச் சுற்றி மதர்போர்டில் மின்னழுத்தத்தை மாற்றிக் கொடுக்கும் பகுதி, கார்டிலுள்ள மெமரி சிப்புகள், எஸ்எம்பிஎஸ்ஸின் உட்புறம்.

அறை வெப்பமும் நேராகக் கணக்கில் சேரும். அறை 24 டிகிரியில் இருக்கும்போது 72-ல் ஓடும் கார்டு, மே மாதப் பிற்பகலில் அறை 36 ஆகும்போது கிட்டத்தட்ட 84-க்குப் போகும். இரவில் நன்றாக ஓடி மதியம் நிற்கும் கணினிக்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை. மர மேசைக்குள் கேபினெட்டுக்கென்று ஒரு பெட்டி செய்து கதவும் வைத்துவிடுகிறார்கள் தச்சர்கள். அழகாக இருக்கிறது, உள்ளே அடுப்பு.

சோதனை எளிது. கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, மேசை ஃபேனை உள்ளே வீசும்படி வைத்து அதே கேமை ஓட்டுங்கள். ஹேங் நின்றால், அல்லது இருபது நிமிடத்தில் வந்தது ஒரு மணி நேரத்துக்குத் தள்ளிப்போனால், சூடுதான். கிராபிக்ஸ் கார்டின் வெப்பத்தை விண்டோஸ் 10-ன் 2020 மே பதிப்பிலிருந்து டாஸ்க் மேனேஜரே காட்டுகிறது. சிபியு வெப்பத்துக்குத் தனி மென்பொருள் வேண்டும்.

தூசி தட்டும்போது இரண்டு எச்சரிக்கைகள். புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ளே விடாதீர்கள். அதன் பிளாஸ்டிக் வாயில் நிலைமின்சாரம் சேரும். சிப்புக்கும் அதன் கூலருக்கும் இடையில் தடவும் தெர்மல் பேஸ்ட் நாலைந்து வருடமாக மாற்றவில்லையென்றால் மாற்றலாம். ஒரு பட்டாணி அளவு போதும்.

மின்சாரம்: அதிகம் கவனிக்கப்படாதது

என் மதிப்பீட்டில், கேமில் மட்டும் நிற்கும் வீட்டுக் கணினிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு இலவசமாக வரும் ‘450 வாட்’ பெட்டியை நம்பி மேலே கார்டைச் செருகிவிடுகிறோம்.

மேலே ஒட்டியிருக்கும் பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். பக்கத்திலுள்ள சிறு அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். சிபியுவும் கார்டும் தின்பது அதைத்தான். அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 16 = 192 வாட். அவ்வளவுதான் அந்த ‘450’.

ஒரு கணக்கு போடலாம். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட் வரை இழுக்கும். ஐ5 12400 சிபியு உச்சத்தில் 117 வாட். இரண்டும் சேர்ந்து 287 வாட். 12 வோல்ட்டில் ஏறத்தாழ 24 ஆம்பியர். மதர்போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் இதற்கு மேல். இந்தக் கார்டுக்கு என்விடியா 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைப் பரிந்துரைத்தது காரணமில்லாமல் அல்ல: கார்டு இழுக்கும் மின்சாரம் சீரானதல்ல, மில்லிநொடிக் கணக்கில் சராசரியைத் தாண்டி எகிறிக் குதிக்கும். இந்தக் குதிப்புகளைத் தாங்குவதற்காகவே 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, மிகக் குறுகிய கணத்துக்கு எஸ்எம்பிஎஸ் தன் அளவைப் போல இரு மடங்கைக் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது.

12 வோல்ட் என்பது 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்கலாம் என்பது விதி. சுமை ஏறும்போது இது கீழே சரிந்தால் கார்டோ சிபியுவோ தப்புக் கணக்கு போடும். அப்போதுதான் உறைவு, நீலத்திரை, ரீஸ்டார்ட். மென்பொருள் காட்டும் வோல்ட் எண்ணை நம்ப வேண்டாம், மல்டிமீட்டரே சாட்சி. ‘80 பிளஸ்’ முத்திரை இருக்கிறதே என்பார்கள். அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று மட்டுமே. உள்ளே உள்ள கெபாசிட்டரின் ஆயுளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அடுத்தது யுபிஎஸ். 600 விஏ என்று விற்கப்படும் வீட்டு யுபிஎஸ்களில் வழக்கமாக 360 வாட் என்றுதான் போட்டிருக்கும். கணினி, மானிட்டர், ஸ்பீக்கர், சிலர் வீட்டில் பிரின்டரும் அதிலேயே. கேம் ஆரம்பித்ததும் ‘கீச்’ என்று ஒரு சத்தம், பிறகு இருட்டு. யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு, எர்த் சரியாக உள்ள பிளக்கில் நேரடியாகச் செருகி ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரேமும் டிஸ்கும்

ரேம் கோளாறின் குணம், ஒழுங்கின்மை. இன்று கேமில், நாளை வீடியோவில், மறுநாள் எதுவும் இல்லை. மெம்டெஸ்ட்86-ஐ யுஎஸ்பியில் ஏற்றி இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், பரவாயில்லை என்று விட முடியாது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும் மதர்போர்டு மென்பொருள்) எக்ஸ்எம்பி போட்டு ரேமின் வேகத்தைக் கூட்டியிருந்தால் முதலில் அதை அணைத்துப் பாருங்கள். இரண்டு ஸ்டிக் இருந்தால் ஒவ்வொன்றாக. நம் ஊர்க் கடைகளில் ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் போடும் வழக்கத்தைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. ஈரக்காற்றில் தொடுமுனைகளில் படியும் படலம் உண்மையிலேயே போகும். மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துப் போட்டால் தவறில்லை.

இணையத்தில் ‘வேகத்தைக் கூட்டும் டிப்ஸ்’ என்று வர்ச்சுவல் மெமரியை (ரேம் போதாதபோது டிஸ்கில் இடம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு) அணைக்கச் சொல்வார்கள். 8 ஜிபி ரேமில் அதைச் செய்துவிட்டு, பின்னால் இருபது டேப் திறந்தபடி கேம் ஆடினால் நிற்காமல் என்ன செய்யும்?

டிஸ்க்குக்கு, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற ஒன்றில், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்கில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிசைகளில் எண் ஏறிக்கொண்டே போனால் அது விடைபெறத் தயாராகிறது. வேறு எந்தச் சோதனைக்கும் முன்னால் படங்களை நகல் எடுங்கள். சி7 மட்டும் ஏறினால் டிஸ்க் அல்ல, சாட்டா கேபிள். மிக மலிவான தீர்வு அதுதான்.

வைரஸ்? ஒருமுறை முழு ஸ்கேன் செய்துவிட்டு நகரலாம். திருட்டு கேம்களோடு வரும் ரகசிய மைனர்கள் (உங்களுக்குத் தெரியாமல் கிரிப்டோ நாணயம் தேடும் புரோகிராம்கள்) ஜிபியுவைத் தின்பது உண்டு. ஒன்றும் செய்யாதபோதே ஜிபியு 90 சதவீதம் ஓடினால் அதைத் தேடுங்கள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

கோளாறு தெரியும் இடமும் இருக்கும் இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை என்பதற்கு மூன்று சம்பவங்கள் போதும்.

2012 தொடக்கத்தில், குருஷியல் எம்4 எஸ்எஸ்டி வைத்திருந்தவர்களின் கணினிகள் திடீரென நிற்கத் தொடங்கின. மறுபடி போட்டால் சரியாக ஒரு மணி நேரம் ஓடி மீண்டும் நிற்கும். எஸ்எஸ்டிக்குள் இருந்த ஃபர்ம்வேரில் (அதை இயக்கும் உள் மென்பொருள்) பிழை: ஓடிய நேரம் 5,184 மணியைத் தொட்டதும் அது பதில் சொல்வதை நிறுத்திவிடும். அதாவது 216 நாள். புதிய ஃபர்ம்வேர் வந்ததும் தீர்ந்தது. ஃபார்மட் போட்டவர்களின் உழைப்பு வீண்.

2022 மார்ச்சில் ஏஎம்டி ஒன்றை ஒப்புக்கொண்டது. சில ரைசன் கணினிகளில் பாதுகாப்புக்கான டிபிஎம்மின் ஒரு வகையான எஃப்டிபிஎம் வசதி அவ்வப்போது மதர்போர்டின் பயாஸ் சிப்போடு பேசும்போது மொத்தக் கணினியும் ஒரு கணம் நின்று விக்குகிறது, படமும் ஒலியும் சேர்ந்து. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் கட்டாயம் என்பதால் அந்த வசதியை இயக்கியவர்கள் அதிகரித்திருந்த காலம். மருந்து புதிய பயாஸ். கார்டை மாற்றியிருந்தால் காசுதான் போயிருக்கும்.

மூன்றாவதுதான் பெரிது. இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியுக்களில் கேம்கள் விழுந்துகொண்டே இருந்தன. திரையில் வந்த செய்தி, ‘வீடியோ மெமரி போதவில்லை’. எல்லோரும் கார்டைச் சந்தேகித்தார்கள். உண்மையில் கேம் கோப்புகளை விரிக்கும்போது சிபியு தப்புக் கணக்கு போட்டது. கேமுக்கு அது மெமரிப் பிழையாகத் தெரிந்தது. தேவைக்கு அதிகமான வோல்ட்டேஜை சிபியு கேட்டு வாங்கியதே காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல் சொன்னது. ஆகஸ்ட், செப்டம்பரில் திருத்தங்கள் பயாஸ் வழியாக வந்தன. வாரன்டியை மேலும் 2 வருடம் நீட்டியது. கவனிக்க வேண்டியது: திருத்தம் மேற்கொண்டு கெடாமல் தடுக்கும்; ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அது சரியாக்காது. இந்தத் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் வேறு எதையும் சோதிக்கும் முன் பயாஸ் பதிப்பின் தேதியைப் பார்த்துவிட வேண்டும்.

எந்த வரிசையில் சோதிப்பது?

செலவில்லாதது முதலில், செலவு வைப்பது கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றிவிட்டுச் சரியானால், எதனால் சரியானது என்று தெரியாது. திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து.

1. குறிப்பு எடுங்கள். எந்தக் கேம், எத்தனையாவது நிமிடம், என்ன சத்தம், கேப்ஸ் லாக் மாறியதா, பகலா இரவா.

2. ஈவன்ட் வியூவரில் அந்த நேரத்துக்கு முந்தைய ஐந்து நிமிடம்.

3. ஸ்மார்ட் அட்டவணை.

4. ஓவர்கிளாக் (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது), எக்ஸ்எம்பி எல்லாவற்றையும் அணைத்தல். பயாஸ் அப்டேட், அதை மட்டும் கரண்ட் போகாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

5. கிராபிக்ஸ் டிரைவரை நீக்கிப் புதிதாகப் போடுதல்.

6. தகட்டைக் கழற்றி மேசை ஃபேன்.

7. மெம்டெஸ்ட், இரவு முழுக்க.

8. சுமைச் சோதனை. முதலில் சிபியுவுக்கு மட்டும், பிறகு ஜிபியுவுக்கு மட்டும், பிறகு இரண்டுக்கும் சேர்த்து. ஓசிசிடி போன்ற மென்பொருள் மூன்றையும் செய்யும். தனித்தனியாக இரண்டும் தேறி, சேர்ந்து ஓடும்போது மட்டும் விழுந்தால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ். கருகல் வாசனை வந்தால் உடனே நிறுத்துங்கள்.

9. கடன் வாங்கிய எஸ்எம்பிஎஸ், பிறகு கடன் வாங்கிய கார்டு. நண்பர் கணினியில் உங்கள் கார்டைப் போட்டுப் பார்ப்பதும் அதே சோதனைதான், தலைகீழாக. சிபியுவிலேயே கிராபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு வீடியோ ஓட்டலாம்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்ப்பது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிற்கும் கணினி ஒரு மணி நேரம் நன்றாக ஓடுவதில் ஆச்சரியமே இல்லை. நிற்பது தற்செயலாக நிகழ்கிறது என்று வைத்துக்கொண்டால், சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்கு நேரம் நிற்காமல் ஓடிவிட்டால் அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு சுமார் 5 சதவீதம்தான். ஆக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் ஆறு மணி நேரம். வாரத்துக்கு ஒருமுறை என்றால் மூன்று வாரம், வேறு வழியில்லை.

லேப்டாப்பில் கழற்றி மாற்றக்கூடியது குறைவு. அங்கே பார்க்க வேண்டியவை: காற்றுத்துளையை மெத்தையோ தலையணையோ அடைக்கிறதா, சார்ஜர் அதே வாட் அளவுள்ள அசலா, பேட்டரி உப்பியிருக்கிறதா. பேட்டரி உப்பியிருந்தால் கேம் சோதனை எதுவும் வேண்டாம். அணைத்துவிட்டு நேராக சர்வீஸ் சென்டர்.

கடைக்கே போக வேண்டியிருந்தால்

‘ஹேங் ஆகுது’ என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டு வந்தால் அவர்கள் விண்டோஸைத் திறந்து பத்து நிமிடம் பார்ப்பார்கள், நிற்காது, ஃபார்மட் ஆகிவிடும். மேலே முதல் எண்ணில் எடுத்த குறிப்பைக் காகிதத்தில் எழுதி கேபினெட்மேல் ஒட்டிக் கொடுங்கள். எந்தக் கேமில் எத்தனை நிமிடத்தில் நிற்கிறதோ அதையே ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லுங்கள். முக்கியமான கோப்புகளை முன்பே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அது வாரன்டியில் இருக்கவும் வாய்ப்புண்டு.